நாற்பத்தேழாவது கேள்வி

கேள்விகளை நான்தான் எழுதினேன்,
கொக்குவில் சிக்கனக் கூட்டுறவுச் சங்கத்தின் மேல்மாடியில்,
இரண்டாம் எண்ணில் மட்டும் சுற்றும் மின்விசிறிக்குக் கீழே.
நாற்பத்தாறு.
தாளில் மரியாதையாக இருந்தன. மனதில் இப்படி:

எங்கட பதினோராயிரம் பேரின்ர கணக்கை
எந்த ஊரிலை, எத்தினை இடத்திலை வைப்பியள்?
பூட்டுறது நீங்களெண்டால் திறப்பு ஆரிட்டை?
வேலையை விட்டுப் போனவன்ர அனுமதி
எத்தினை மணித்தியாலத்திலை சாகும்?
நாளைக்கு நாங்கள் வெளிக்கிட்டால்
எங்கட தரவை எங்களிட்டைத் தருவியளோ,
இல்லை, விலை சொல்லுவியளோ?

முதல் கம்பனி சான்றிதழ்களை அனுப்பியது.
பதினான்கு. கலியாண அல்பம் போல மினுங்கும் தாள்.
'எப்போதாவது விழுந்தீர்களா' என்ற கேள்விக்கு நேரே
'பொருந்தாது' என்றிருந்தது.
விழாத சைக்கிளை நான் கடையில்தான் கண்டிருக்கிறேன்,
பொலித்தீன் சுற்றியபடி.

இரண்டாவது கம்பனி
ஒரே ஓர் இரவைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதியது.
மூன்று மணி நாற்பத்தொரு நிமிடம் இருட்டு.
பிழை எங்கள் ஆளுடையது.
மணி அடித்தது, கேட்க வேண்டியவர் நித்திரை.
இனி இருவர் ஒப்பாமல் அந்தக் கட்டளை ஓடாது.

முகாமையாளர் யோகநாயகம் கண்ணாடியைக் கழற்றினார்.
"விழுந்தனான் எண்டு எழுதித் தாறவனிட்டையோ
சனத்தின்ர காசைக் குடுக்கிறது?"
ஓம் என்றேன்.
சொன்னேனே தவிர, நம்பவில்லை.
அதனால்தான் ஒத்திகை கேட்டேன்.

சனிக்கிழமை. கீழே கதவு பூட்டு.
பரிசோதனைப் பிரதியை முழுதாக அழித்தோம்.
மேகமே, இப்போது திருப்பித் தா.
(கார்த்திகையில் வராத மேகத்தையும்
வந்து வெங்காயத்தை அழுக வைத்த மேகத்தையும்
கண்ட ஊர் இது.)
தேத்தண்ணி ஆறியது. பச்சைக்கோடு ஊர்ந்தது.
குருநகர் றெஜினாவின் கணக்கு வந்தது:
நாலாயிரத்து இருநூற்றுப் பத்து ரூபா
ஐம்பது சதம்.
அந்த ஐம்பது சதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் தெரிந்தது,
வைகாசிக்குப் பிந்திய கடன்கள் ஒன்றும் வரவில்லை.
பிடித்தேன் உன்னை என்று தொலைபேசியை எடுத்தேன்.
மறுமுனையில் சுகிர்தா, அந்தக் கம்பனிப் பிள்ளை,
பதிவேட்டை வரிவரியாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:
"அக்கா, அந்த அட்டவணையை
நீங்கள் எங்களுக்கு அனுப்பவேயில்லை."

கொஞ்சம் பொறுத்து,
"குறை நினையாதேங்கோ.
உங்கட நிர்வாகக் கடவுச்சொல்
எத்தினை பேருக்குத் தெரியும்?"

நான் சுவரைப் பார்த்தேன்.
மளிகைக்கடை தந்த நாள்காட்டி.
பங்குனித் தாளின் ஓரத்தில், சிவப்புப் பேனையில்,
காசாளருக்கு, யோகநாயகத்துக்கு, எனக்கு,
கணினி திருத்த வந்த பொடியனுக்கு,
கடன் கேட்டு வந்து காத்திருந்த எல்லோருக்கும்
தெரியும்படி.

"எண்ணிச் சொல்லுறன்" என்றேன்.

நாற்பத்தேழாவது கேள்வியை அன்றிரவு சேர்த்தேன்.
பதில் சொல்ல வேண்டியவர் என்ற இடத்தில்
எங்கள் சங்கத்தின் பெயர்.

திங்கள் காலை, ஆணி மட்டும் இருந்த சுவரைப் பார்த்து
யோகநாயகம் கேட்டார்:
"இண்டைக்கு என்ன திகதி?"