நம்ம போட்டு

மாரிக்கா வருகிறாள் என்றதும்
முதலில் நினைவுக்கு வந்தவை
அவளிடம் நான் சொன்ன பொய்கள்.

தார்த்துவில், விடுதியின் நாலாம் மாடிச் சமையலறையில்
ஐந்து மாதம் ஒரே வாணலியைப் பங்கிட்டவர்கள் நாங்கள்.
மூன்றரை மணிக்கே இருட்டிவிடும்.
உருளைக்கிழங்கு சீவிக்கொண்டே
ஆளுக்கொரு ஊரை அவிழ்த்துவிடுவோம்.
ஜூராப், தன் மாமாவின் திராட்சைத் தோட்டத்தை.
அவள், வீட்டுக் கொல்லைக்கு வந்துபோகும் கரடியை.
என் முறை வந்தபோது
ஐஸ் கம்பெனியில் எடைச்சீட்டு எழுதும் அப்பாவுக்கு
ஒரு விசைப்படகு வாங்கிக் கொடுத்தேன்.
நீல நிறம்.
ஜன்னலைத் திறந்தால் கலங்கரை விளக்கம் என்றேன்.
யார் வந்து பார்க்கப் போகிறார்கள்.

ஏழு வருடம் கழித்து
திருப்பாப்புலியூர் ஸ்டேஷனில்
தன்னைவிடப் பெரிய பையோடு இறங்குகிறாள்.
ஜூராப் வரவில்லை, திராட்சை அறுவடையாம்.
நம்பினோம்.
ஷேர் ஆட்டோ முதுநகர் சேர்வதற்குள்
இரண்டு முறை கேட்டுவிட்டாள்,
படகு எங்கே?

தெருப் பிள்ளைகளுக்கு அவள் பெயரைச் சொன்னேன்.
சாயங்காலத்துக்குள்
தெருவுக்கு ஒரு மாரியக்கா கூடுதல்.
மாரிக்கா இங்க வா,
மாரிக்கா போட்டோ எடு,
மாரிக்கா உனக்கு வேர்க்கலையா.
உலகத்தில் இங்கேதான்
என் பெயரை யாரும் தப்பாகச் சொல்வதில்லை என்றாள்.

ராத்திரி அப்பாவிடம் ஒப்புக்கொண்டேன்.
மோர்ச்சோற்றில் கை நிற்க யோசித்தார்.
"என்ன கலர் சொன்ன?"
"நீலம்."
"நல்லவேளை. அமிர்தகணேசனுது நீலந்தான்."

விடிகாலை, துறைமுகம்.
காணாங்கெளுத்தி கூடை கூடையாக இறங்கிக்கொண்டிருந்தது.
இருபத்தாறு வருடமாகக்
கரையிலிருந்து மட்டுமே படகுகளைப் பார்த்த அப்பா
அடுத்தவர் படகின் விலாவைத் தட்டினார்,
மாட்டைத் தட்டுவதுபோல.
"இதான் நம்ம போட்டு."
அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.
வலை உதறிக்கொண்டிருந்த அமிர்தகணேசன்
ஒரு கணம் அப்பாவை, ஒரு கணம் அவளைப் பார்த்தார்.
"ஏறச் சொல்லுங்க, முதலாளி."

முதலாளி ஏறினார்.
உப்பனாற்றில் எல்லாம் சரியாகவே இருந்தது.
சோனாங்குப்பம் கரையில் யாருக்கோ கைகூட அசைத்தார்.
முகத்துவாரத்தில் முதல் அலை
அடியில் தோள்கொடுத்துத் தூக்கியபோது
அப்பா இடப்பக்கம், நான் வலப்பக்கம்
குனிந்துவிட்டோம்.

என் பின்னலைப் பிடித்துக்கொண்டிருந்தாள் மாரிக்கா.
ஹெல்சிங்கி போன கப்பலிலும் இதே பின்னல், இதே கை.
தட்டுபோல் கிடந்த கடலில் அன்று
இரண்டு மணி நேரமும் வாந்தி.
காதருகே சொன்னாள்,
அன்றைக்கே தெரியும், உங்களிடம் படகு இல்லை.
பின்னே ஏன் கேட்டுக்கொண்டே இருந்தாய்?
யார் படகைக் கொண்டுவந்து நிறுத்துவாய் என்று பார்க்கத்தான்.

கரடியைப் பற்றி நான் கேட்கவில்லை.
போகும்போது பார்த்துக்கொள்ளலாம்.

டீசல் காசை அமிர்தகணேசன் வாங்கவில்லை.
முதலாளியிடம் யாராவது வாங்குவார்களா என்றார்,
சிரிக்காமல்.

அன்றிரவு கரண்ட் போனது.
எங்கள் மொட்டைமாடியில்
தண்ணீர்த்தொட்டி மேல் ஏறி
ஒற்றைக்காலில் நின்று
அடுத்த வீட்டு வேப்பங்கிளையை விலக்கினால்
விளக்கின் வெளிச்சம் ஒருதரம் தொட்டுவிட்டுப் போகும்.
ஜன்னல், என்றாள்.
ஜன்னல்தான், என்றேன்.

அப்போது காற்று திரும்பியது.
சிப்காட் பக்கமிருந்து
நகப்பூச்சும் கெட்ட முட்டையும் கலந்த அந்த வாடை.
அவள் மூக்கு சுருங்கியது.
இதை நீ சொல்லவே இல்லையே,
ஐந்து மாதத்தில் ஒரு நாள்கூட.

படகு செய்ய வார்த்தை கிடைத்தது.
இதற்கு, அந்த அடுப்படியில்
எவ்வளவு துழாவியும் ஒன்றும் அகப்படவில்லை.
உள்ளதைச் சொல்ல
ஒரு வெட்கம் வேறு.

அவள் இறங்கவில்லை.
துப்பட்டாவை மூக்கில் கட்டிக்கொண்டு
அடுத்த வெளிச்சத்துக்குக் காத்திருந்தாள்.

கீழே, டார்ச்சோடு அப்பா.
"நானும் ஏறட்டுமா?"
ஒரு காலை பகல்வரை
படகு வைத்திருந்தவரின் குரல் அது.