ஏழாம் சாளரம்

முதலில் காதைப் பார்ப்பேன்.
யெரெவான் விமான நிலையம், ஏழாம் சாளரம்,
பதினோரு வருடம்.
தாடி வரும் போகும், முடி நிறம் மாறும்,
கண்ணுக்குள் பச்சை லென்ஸ் மிதக்கும்.
காது மட்டும்
பிறந்த அன்று மடித்த மடிப்பில்
அப்படியே இருக்கும்.

மூக்கை நம்புவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

கோடை முழுக்க வருகிறார்கள்.
மாஸ்கோ, பெய்ரூத், கிளெண்டேல்.
கழுகலகோடு இறங்கி
மூன்றாம் வாரம்
வெள்ளைப் பிளாஸ்திரியோடு திரும்புகிறார்கள்,
கண்ணுக்கடியில் கத்தரிப்பூ நிறம்.
படத்தைப் பார்க்கிறேன், முகத்தைப் பார்க்கிறேன்.
'வலித்ததா' என்று கேட்கச் சட்டத்தில் இடமில்லை.
"பயணத்தின் நோக்கம்?"
"உறவினர்களைப் பார்க்க."
முத்திரை குத்துகிறேன்.

என்னை யாரும்
மூக்கும் முழியுமாய் இருக்கிறாள் என்று சொன்னதில்லை.
முழி சரி. மூக்குதான்
பாதி வழியில் எதையோ நினைத்து நின்று
அப்புறம் அவசரமாகக் கீழே இறங்கியது.
பள்ளியில் ஹாமாஸ்ப் என்றொரு தடியன்:
"அரெக்னாஸுக்கு முன்னால்
அவள் மூக்கு வகுப்புக்கு வந்துவிடும்."
அன்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி.

முப்பத்தாறு வயதில் ஊசியில் தொடங்கினேன்.
டாக்டர் ஷாகே
மேட்டுக்கு மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம்
கண்ணாடிப் பசையைச் செலுத்தினாள்.
மதிய இடைவேளைகூட முடியவில்லை.
பள்ளத்தை நிரப்பினால் மேடு காணாமல் போகும்,
சாலை போடுகிறவர்களுக்குத் தெரிந்த கணக்கு.
உள்ளபடிக்கு மூக்கு பெருத்திருந்தது.
பார்க்கிறவர்களுக்குச் சிறுத்திருந்தது.
இது பொய்யா?
எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

பதினான்கு மாதத்தில் பசை கரைந்தது.
ஒரு காலை முகம் கழுவும்போது
விரலில் தட்டியது பழைய மேடு,
வாடகை பாக்கி கேட்க வந்த வீட்டுக்காரர்போல.

பிறகுதான் கத்தி.
காத்திருந்த அறையில் ஒரு பெண்
கைப்பேசியில் ஏதோ நடிகையைத் திறந்து வைத்திருந்தாள்.
காட்டுவதற்கு என்னிடம் படம் இல்லை.
"யாருக்கும் தெரியக் கூடாது,
எனக்கு மட்டும் தெரிய வேண்டும்" என்றேன்.
ஷாகே சிரிக்கவில்லை.
பென்சிலால் கோடு போட்டாள், அழித்தாள்,
மேட்டில் ஒரு மில்லிமீட்டரை விட்டுவைத்தாள்.
"இது இருக்கட்டும். இல்லாவிட்டால் உன் கண்கள்
யார் வீட்டுக்கோ வந்துவிட்டதுபோல் முழிக்கும்."
நுனியைத் தாங்க உள்குருத்து போதாதாம்.
காதின் பின்னாலிருந்து ஒரு துண்டு எடுப்பாளாம்.
காதிலிருந்து!
மயக்க மருந்து ஏறும்போது சிரித்தேன் என்று
செவிலி லூசாபெர் பிறகு சொன்னாள்.

ஒரு வாரம் வாயால் மூச்சு.
தம்பி ம்ஹெர் சூப் கொண்டுவந்தான்,
அதே மூக்கோடு.
கதவருகில் நின்று என்னைப் பார்த்தான்,
பிறகு கூடத்துக் கண்ணாடியில் தன்னை.
"எனக்கு இதுவே போதும்."
நான் ஒன்றும் கேட்கவில்லையே.

வேலைக்குத் திரும்பினேன்.
"நன்றாகத் தூங்கினாயா? முகம் தெளிந்திருக்கிறது,"
எட்டாம் சாளரத்துக் கரேகின்.
"முடி வெட்டினாயா?" உணவகத்தில்.
ஒருவரும் மூக்கில் விரல் வைக்கவில்லை.
கேட்டதுதான் கிடைத்தது.
அன்று மாலை
காரணமில்லாமல் ஒரு குடும்பத்தை
இருபது நிமிடம் நிறுத்தி வைத்தேன்.

செப்டம்பரில் பாதுமிக்குக் கிளம்பினேன்.
சதாக்லோ எல்லையில் பேருந்தை விட்டு இறங்கி வரிசை.
சாளரத்துக்கு இந்தப் பக்கம் நிற்க
எனக்குப் பழக்கமில்லை, கையை எங்கே வைப்பது?
ஜார்ஜிய இளைஞன், மீசை இன்னும் முடிவாகவில்லை.
என் பழைய படம். என் முகம்.
ஒரு நொடி. முத்திரை.

நான் நகரவில்லை.
"சரியாகப் பாருங்கள்" என்றேன் ரஷ்யனில்.
பின்னால் வரிசை முணுமுணுத்தது.
மறுபடி பார்த்தான்.
எங்கே பார்க்கிறான் என்று எனக்குத் தெரியாதா?
"எல்லாம் சரியாக இருக்கிறது. போங்கள்."

காதின் பின்னால் தையல் இருந்த இடம் அரித்தது.
சொறிந்துகொண்டே
எல்லையைக் கடந்தேன்.