ஆறாவது துளை

லேடிஸ்மித்தில், முர்ச்சிசன் தெருவில்
எனக்கொரு கண்ணாடிக் கடை.
வாரம் முழுக்கப் பிறர் கண்ணுக்குள் பார்ப்பேன்.
சனிக்கிழமை மதியம் பூட்டிவிட்டு
என் கண்ணை நானே சோதிக்க
ஊருக்கு வெளியே, முள்மரங்கள் தாண்டி,
மண்மேட்டைப் பார்த்துக் குப்புறப் படுப்பேன்.

கண்ணுக்கு ஒரு குறை.
இருபதிலும் இருந்தது, ஐம்பத்திரண்டிலும் இருக்கிறது.
ஒரே நேரத்தில் மூன்று தூரம் அதற்குத் துலங்காது.
அருகே பின்பள்ளம், குழல் நுனியில் முள்,
இருநூறு மீட்டரில் கருவட்டம்;
ஒன்றைத் தேர்ந்தெடு என்கிறது.
புதிதாய் வருபவர்கள் வட்டத்தைத் தேர்வார்கள்.
தப்பு.
முள்ளைப் பார். வட்டம் மங்கட்டும்.
அடைய வேண்டியது கலங்கித் தெரிந்தால்தான்
அடையலாம்.
இதைக் கடையில் யாரிடமும் சொல்வதில்லை.
வியாபாரம் படுத்துவிடும்.

மூன்றாம் பாயில் நான், கிளப்பின் இரவல் மவுசருடன்.
கட்டையில் யாரோ கத்தியால் கீறிய இரண்டு எழுத்து;
யாரென்று பதிவேட்டில் இல்லை.
ஐந்தாம் பாயில் ஒரு கல்லூரிப் பெண்,
புத்தம்புது ரைஃபிள், காற்றுமானி,
மூச்சை எண்ணிச் சொல்லும் கைக்கடிகாரம்.
நடுவே, நான்காம் பாயில், பிளம்பர் டேனி ஸ்நைமன்,
அவருடைய மார்ட்டினி-ஹென்றி.

அது வெடிப்பதில்லை. இருமுகிறது.
சுண்டுவிரல் தடிமனில் ஈயம் போகும்,
பின்னாலேயே வெண்புகை, அழுகிய முட்டை நாற்றம்.
காற்றில்லாத நாளில்
புகை கலையும்வரை காத்திருக்க வேண்டும்.
டேனிக்குக் காத்திருக்க வராது.

செங்கொடியை இறக்கினார் பெகிதெம்பா முச்சூனு.
பள்ளியில் கணக்கு வாத்தியார், இங்கே களத்துக்கு அதிகாரி.
"திற. காட்டு."
ஒவ்வொரு குழலும் காலியென்று
குனிந்து பார்த்த பிறகுதான் நடக்க விடுவார்.

என் அட்டையில் ஆறு துளை.
நான் சுட்டது ஐந்து.

ஐந்தும் வட்டத்துக்கு இடப்புறம்,
கோழி கொத்தியது மாதிரி ஒரு கூட்டம்.
ஆறாவது நட்ட நடுவில்.
பொய் சொல்லமாட்டேன்,
ஒரு நொடி அது என்னுடையதாக இருந்தது.
எண்ணத் தவறியிருப்பேன் என்றுகூட
ஒரு நியாயம் தயாராகிவிட்டது.

பெகிதெம்பா காதிலிருந்து பென்சிலை எடுத்தார்.
ஐந்து துளையிலும் அது இறுகி நின்றது.
ஆறாவதில் ஆடியது.
சுண்டுவிரலை விட்டார், போயிற்று.
எல்லோரும் டேனியின் அட்டையைப் பார்த்தோம்:
நாலே துளை.

"புகை" என்றார் டேனி.
"புகைக்கு மார்க் போட விதி இல்லை" என்றார் பெகிதெம்பா.
அடுத்தவர் அட்டையில் பட்டது சுட்டவருக்குப் பூஜ்யம்.
எனக்கும் அது இல்லை.
அன்றைய சிறந்த குண்டு
யார் கணக்கிலும் ஏறாமல்
ஒரு காகிதத்தில் ஓட்டையாக நின்றது.

பிறகு தேநீர்.
ஸ்நைமன் வீட்டுப் பாகு முறுக்கு, என் டப்பாவில் மிளகாய் பஜ்ஜி.
தூரத்தில் மலைகள்.
அங்கே ஒரு போரில் மவுசர்கள் பேசியபோது
காயம்பட்டவர்களைத் தூளியில் இறக்கியதில் எங்கள் ஆட்களும் உண்டு.
தூளியில் கிடந்தவன் பெயர் எனக்குத் தெரியாது,
கட்டையில் கீறியவன் பெயரும்.
மலையைப் பார்த்தபடி
ரக்பி பேசினோம்.

செவ்வாய்க்கிழமை டேனி கடைக்கு வந்தார்,
தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு.
உட்காரவைத்து, விளக்கைத் தணித்து,
நான்காம் வரியை வாசியுங்கள் என்றேன்.

மூன்றாம் வரியை வாசித்தார்,
ஓர் எழுத்துப் பிசகாமல்.