நாலாம் நம்பர் ஜாக்கெட்

ஜாக்கெட் ஒன்று பிரிந்துவிட்டது என்று
இறால் கம்பெனி ஆள் வந்து நின்றபோது
கழுத்து வட்டமா சதுரமா என்று கேட்டுவிட்டேன்.
மண்டபத்தில் பதினோரு வருஷமாக
எனக்குத் தெரிந்த ஜாக்கெட் அதுதான்.

சாக்கிலிருந்து அவன் இழுத்துப் போட்டது
மெஷின் மேல் ஆள் கவிழ்ந்து படுத்த மாதிரி கிடந்தது.
முதுகில் மையால் நாலு.
காலரில் இறால் வாடை.
சித்திரை வெயிலில் தகரக் கூரை முறுகிக்கொண்டிருக்க
மைனஸ் பதினெட்டு என்றான்,
ஏதோ பக்கத்து ஊர்ப் பெயர்போல.

தையலை அறுத்தேன்.
பாலியஸ்டர் பஞ்சு, துவைத்துத் துவைத்துக் கட்டிதட்டி
இடுப்போரம் வந்து சேர்ந்திருந்தது.
தோளில் ஒன்றுமே இல்லை.
இடது மார்பில் மட்டும் வேறு பஞ்சு,
மஞ்சளோடிய இலவம்,
நடுவே இரண்டு கறுப்பு விதை.
யாரோ வீட்டுத் தலையணையைப் பிரித்து
வலை பொத்துகிற முடிச்சுப் போட்டுத் தைத்திருக்கிறார்கள்.

ராமநாதபுரத்தில் ஒரு கிலோ வாங்கிவந்து
மெத்தைக்கு அடைப்பதுபோல் அடைத்தேன்.
குத்தினால் விரல் இறங்காது.
அவ்வளவு கனம், அவ்வளவு பெருமை எனக்கு.

மூன்றாம் நாள் அதைப் போடுகிறவரே வந்தார்.
மெல்கியோர். உதடு வெடித்திருந்தது.
"நெறைய வச்சிட்டீங்கக்கா.
முன்னைக்கு இப்பத்தான் குளிருது."

வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று
நாலு திக்குக் காற்றுக்கும் பேர் வைத்த கரை இது.
சும்மா உட்கார்ந்திருக்கும் காற்றுக்கு
எனக்குத் தெரிந்து பேர் இல்லை.
பாதிப் பஞ்சை உருவினேன்.
மிச்சத்தை இழையிழையாய்ப் பிய்த்து உதறி
கட்டம் கட்டமாய்த் தைத்து
கட்டத்துக்குக் கொஞ்சம் காற்றை
உள்ளே இருத்தினேன்.
இலவத்தைத் தொடவில்லை.

பகல் பன்னிரண்டுக்குக் கடைவாசலில்
போட்டுப் பார்த்தேன்.
ராமேஸ்வரம் பஸ் ஜன்னலெல்லாம் சிரித்தது.
ஜெட்டிக் கம்பத்தில், பங்குனியோடு கிளம்ப மறந்த
கடற்காகம் ஒன்று வாயைத் திறந்து மூச்சு வாங்கியது.
லடாக் பக்கமிருந்து வருகிறதாம்.
உள்ளே தூவி, கழற்ற வழியில்லை.
நான் கழற்றிவிட்டேன்.

உருவிய பஞ்சை வீணாக்குவானேன் என்று
மீனோடு வந்த ஐஸைப் பையில் கட்டி
அதற்குள் பொதிந்தேன்.
சூடு தருகிற சாமான், உருக்கிவிடும் என்றுதான் நினைத்தேன்.
அந்தியில் பிரித்தால் முக்கால்வாசி அப்படியே.
பஞ்சுக்குச் சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை.
உள்ளே இருப்பது யார் என்றுகூடக் கேட்காத
வாசல்காரன் அது.

மெல்கியோர் மறுவாரம் வந்து
பரவாயில்லை என்றார். அவ்வளவுதான் சொன்னார்.
இலவத்தைக் கேட்டேன்.
"மகளோட தலகாணி. அவளே வச்சுத் தச்சா."
மற்ற ஐந்தும் வருமாம்.

பில் எழுத உட்கார்ந்தேன்.
தையல் நூற்றிருபது. பஞ்சு அரைக் கிலோ. நூல்.
எடுத்ததற்குக் கூலி எப்படிப் போடுவது என்று தெரியாமல்
பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.