மீட்டர் 1240

மஞ்சம்பாக்கம் லாரி செட்டுக்குப் பின்னால்
ஃபைனான்ஸ்காரர்கள் வாடகைக்கு எடுத்த வேலி.
உள்ளே பதினேழு டிராக்டர்.
மணலிப் பக்கமிருந்து காற்று அடித்தால் கேஸ் நாற்றம் வரும்.
இன்று காற்றே இல்லை.

பெயிண்டை நான் பார்ப்பதில்லை.
அது போன வாரம் அடித்தது,
போல்ட் தலை, கிரீஸ் நிப்பிள் எல்லாவற்றின் மேலும் சேர்த்து.
முதலில் கிளட்ச் பெடல்.
ஆயிரத்து இருநூற்று நாற்பது மணி நேரம் என்கிறது மீட்டர்.
பெடலின் வரிகள் மழுங்கி
நடுவில் ஒரு குழி,
யாரோ ஒருவனின் இடது கால் தோண்டியது.
அதற்கு ஆறாயிரம் மணி நேரமாவது வேண்டும்.
மீட்டரைச் சுற்றி நாலு ஸ்க்ரூ. நாலின் தலையும் பிய்ந்திருந்தது.

இன்ஜின் ஆயில் கறுப்பு, சரி.
கியர்பாக்ஸ் ஆயில் டீக்கடைப் பால்:
தண்ணி குடித்திருக்கிறது.
ஆக்ஸில் இடுக்கை நகத்தால் சுரண்டி
நாக்கு நுனியில் வைத்தேன். உப்பு.
ஆர்.சி. புத்தகத்தில் 'விவசாயம்' என்று இருக்கிறது.
எந்த நெல்வயலில் இந்த உப்பு ஏறும்?

முஜீப் வேறொரு வண்டியின் பேட்டரியைத் தூக்கி வந்து
வயர் கொடுத்தான்.
மூன்றாவது முறை பிடித்தது.
முதலில் கறுப்புப் புகை. போகட்டும்,
நாலு மாதம் சும்மா நின்ற வண்டி.
பிறகு நீலம். நீலம் நிற்கவே இல்லை.
பிரீதர் குழாயின் வாயில் உள்ளங்கையை வைத்தேன்,
நாய்க்குட்டி மூச்சுபோல விட்டு விட்டு முட்டியது.
இன்னொரு வருஷம் ஓடும். அப்புறம்
பிஸ்டன், லைனர், ரிங், புதுப்பேட்டை.

லிப்டை ஏற்றி அதில் ரெண்டு கல்லை வைத்து
இன்ஜினை நிறுத்தி
சாக்பீஸால் கோடு போட்டு
டீ சொன்னேன்.
இறங்குகிறதா என்று பத்து நிமிஷம் பார்க்க வேண்டும்.

அப்போதுதான் கேட்டைத் தாண்டி வந்தார்
தேசப்பன், தாழங்குப்பம்.
சீட்டுக்கு அடியில் விட்டுப்போன ரெயின்கோட்டை எடுக்க.
எடுத்தார். மடித்தார். போகவில்லை.

"நல்ல ரேட்டா எழுதிக் குடு சார்.
ஏலத்துல கொறஞ்சா மீதி எந்தலையிலதான் வந்து நிக்கும்.
கரையில ஃபைபர் போட்டுங்கள இஸ்துனு இருந்தேன், அவ்ளோதான்.
ஏரு ஓட்டல, லோடு அடிக்கல.
வாங்கசொல்லோ தொள்ளாயிரம்தான் ஓடியிருந்துச்சு.
நாலு லட்சத்துப் பத்து குடுத்தேன்.
இப்பவும் பாரேன், ஆயிரத்து எரநூத்தி நாப்பது.
புச்சு வண்டி சார் அது."

டீ வந்தது. அவருக்கும் ஒன்று சொன்னேன்.
டீ குடிக்கும்போது எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

ரெண்டு லட்சத்துப் பத்தாயிரம் என்று
மனசில் எப்போதோ விழுந்துவிட்டது.
ரெண்டு நாற்பது எழுதலாம். எழுதினால் மட்டும்?
வியாழக்கிழமை ஏலத்துக்கு பாக்கர் பாய் வருவார்,
அவரும் முதலில் பெடலைத்தான் பார்ப்பார்.
எதையாவது கூட்ட முடியுமா என்று
வண்டியை இன்னொரு சுற்று வந்தேன்.

"முன் டயர் ரெண்டும் புதுசா இருக்கே, யார் போட்டது?"
"நாந்தான் சார். போன பொங்கலுக்கு."

எட்டாயிரம் சேர்த்தேன்.
மீட்டர் என்ற கட்டத்தில் 1240 எழுதி
பக்கத்தில் 'நம்பத்தக்கதல்ல' என்று இங்கிலீஷில் எழுதினேன்.
அவர் எட்டிப் பார்த்தார்.
எண்ணை மட்டும் படித்துத் தலையாட்டினார்.

லிப்ட் கோட்டிலிருந்து நாலு விரல் இறங்கியிருந்தது.

"வண்டிய வரிசைக்குத் தள்ளணும்" என்றான் முஜீப்.
"இன்னாத்துக்குத் தள்ற? நா ஓட்றேன். செகண்டு போடாத,
தானா வெளிய வந்துடும்" என்று ஏறினார்.
செருப்பைக் கழற்றிவிட்டு
இடது காலைத் தூக்கி வைத்தார்.
சின்னக் கால்.
குழிக்கு ரெண்டு விரல் இந்தப் பக்கம்
வரி தேயாத இடத்தில்
அழுத்தினார்.