நாற்பது வாட்

எல்.இ.டி பல்பில் வெளிச்சம் மட்டும்தான், சூடு இல்லை.
டவுன்ஹால் ரோட்டில் ஆறு கடை ஏறி இறங்கி
பழைய குண்டு பல்பு ஒன்று வாங்கினேன்,
தெர்மாகோல் பெட்டிக்குள் தொங்கவிட.

உசிலம்பட்டிச் சந்தையில் எடுத்த
பதினோரு சிறுவிடை முட்டை.
ஒவ்வொன்றிலும் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி.
காலையில் நான் திருப்புவேன்.
ராத்திரி மில்லுக்குக் கிளம்புமுன் தவமணி.

பன்னிரண்டாம் நாளிலிருந்து பேச்சு இல்லை.
(அவள் அக்காவுக்குக் கொடுத்த பணம். விடுங்கள்.)
குறி மேலே இருந்தால் அவள் திருப்பிவிட்டாள்,
கீழே இருந்தால் நான்.
வீட்டில் அவ்வளவுதான் தகவல்.

பதினேழாம் நாள்
அவனியாபுரத்துக்கு மாதாந்திர மின்தடை,
ஒன்பதிலிருந்து ஐந்து.
தராசு பழுது பார்க்கிற கடையில் பாதி வேலையைப் போட்டுவிட்டு
ஓடி வந்தேன்.
முட்டையைச் சுற்றி வெந்நீர் பாட்டில்கள்,
பெட்டிமேல் அவள் கல்யாணப் பட்டு.
ஒரு கையை உள்ளே விட்டபடியே
தரையில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இருபதாம் நாள், முதல் விமானம் இறங்குகிற நேரம்.
மில் பஸ்ஸிலிருந்து வந்த செருப்போடு அவளும் குனிந்தாள்.
ஓட்டில் மிளகளவு விரிசல்,
உள்ளே கீச்சு.

"லேசா உடைச்சு விடவா?"
"கைய எடுங்க. அதுவா வரட்டும்."

எடுத்தேன்.