இருநூற்றுப் பதினோராவது பிரேம்

பன்னிரண்டு நொடி கேட்டார்கள்.
பனிக்கட்டி ஏன் மிதக்கிறது என்று
ஏழாம் வகுப்புக்குச் சொல்ல
பன்னிரண்டு நொடி போதுமாம்.
பள்ளி வாரியத்தின் ஒப்பந்தத்தில்
கூலியும் நொடிக்கணக்கில்தான்.

சாஸ்கட்டூனில்
ஹீட்டர் இருமுகிற அடித்தள அறையில்
மூன்று வாரம் நீரை வரைந்தேன்.
துளியை அல்ல,
துளிக்குள் இருப்பதை.
ஒரு சிவப்புத் தலை, இரண்டு வெள்ளைக் காது.
நகலெடுத்து நகலெடுத்து
நானூறு பேரை உண்டாக்கி முடித்தபோது
படைத்தல் தொழில் இவ்வளவுதானா என்று
கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

முதல் திருத்தம் வந்தது:
‘சிரிக்க வையுங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.’
வைத்தேன்.
இரண்டாவது: ‘பின்னணியில் ஏதாவது இசை.’
சைலஃபோன் சேர்த்தேன்.
மூன்றாவது: ‘சற்றுக் குறைவாகச் சிரிக்கட்டும்.’

சூட்டில் அவை
கடைசி பஸ்ஸுக்கு முண்டியடிக்கிற கூட்டம்.
குளிர் ஏற ஏற
ஆறு ஆறாய்க் கை கோத்து
விலகி நிற்கும், குரவை ஆடுகிறவர்கள் போல.
நடுவில் ஒரு காலியிடம்.
மிதப்பது அந்தக் காலியிடம்தான்.
நான் வரைய வேண்டியிருந்ததும் அதைத்தான்.
அதற்கு மட்டும்
என்னிடம் நிறம் இல்லை.

ஜனவரி. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
கோவல்சுக் டீச்சர் விளக்கை அணைத்தார்.
ஈர பூட்ஸ் வரிசைக்குப் பக்கத்தில்
பெஞ்சு நுனியில் நான்.
ஓடி முடிந்தது.
நீர் சிரித்தது, சைலஃபோன் சிரித்தது,
பிள்ளைகள் சிரிக்கவில்லை.

ஜெரிக்கோ எழுந்தான்.
யாரையும் கேட்காமல் திரைக்குப் போய்
அடியில் ஓடும் கோட்டை விரலால் பின்னுக்கு இழுத்தான்.
உறைந்தவை உருகின, உருகியவை உறைந்தன.
முன்னே, பின்னே, மறுபடி முன்னே,
பல்லிடுக்கில் சிக்கியதை
நாக்கு தேடுகிற மாதிரி.
நிறுத்தினான்.

‘இங்க பாருங்க.
இவன் அவனுக்குள்ள புகுந்து போறான்.
போக முடியுமா?’

நான்கு நிபுணர்கள் பார்த்துக்
கையெழுத்திட்ட படம்.
ஆனால் எனக்குத் தெரியும்.
இரவு இரண்டு மணிக்கு அதைப் பார்த்தேன்.
நொடியில் இருபத்துநான்கில் ஒரு பங்கு,
எவன் கண்ணில் படப்போகிறது என்று
விட்டுவிட்டுத் தூங்கப் போனேன்.

‘முடியாது’ என்றாள் ஒருத்தி.
‘பேய்னா முடியும்’ என்றான் இன்னொருவன்.
‘தண்ணி பேய் இல்ல.’
‘அப்ப குளிர்ல அது எங்க போகும்?’

டீச்சர் திரையை அணைத்தார்.
மேசைகளை நகர்த்தினார்.
நடுவே விரித்த நீலக் கம்பளத்தில்
இருபத்துநான்கு பேரும் நெருக்கி நின்றார்கள்,
தோளோடு தோள், மிதிபட்ட காலுக்கு வசவு,
எல்லோருக்கும் இடம் இருந்தது.
‘இப்போது குளிர்’ என்றார்.
‘ஆறு பேராய்க் கை கோருங்கள்.
கையை மடக்கக் கூடாது.’

வட்டங்கள் விரிந்தன.
கம்பளம் போதவில்லை.
புத்தக அலமாரி இடிபட்டது,
ஒரு குளோப் உருண்டது,
நான்காவது வட்டம் கதவைத் தாண்டித்
தாழ்வாரத்துக்குப் போயிற்று.
ஜெரிக்கோ அங்கிருந்து கத்தினான்:
‘அதே ஆளுங்கதான்!
இடம் மட்டும் கூடிப்போச்சு!’

மூன்று வாரம் நான் தேடிய நிறம்
அவர்கள் கைகளுக்கு நடுவே
வெறுந்தரையாய்க் கிடந்தது.

வீட்டுக்கு வந்து பிரேமைத் திருத்தினேன்.
புகுந்தவன் இப்போது ஒதுங்கிப் போகிறான்.
படம் சரியாக இருக்கிறது.
இனி எந்த வகுப்பிலும்
யாரும் எழுந்து வர மாட்டார்கள்.

வாரியத்தின் படிவத்தில் ஒரு கேள்வி:
‘மாணவர்கள் எதுவரை கவனித்தார்கள்?’
211 என்று எழுதினேன்.
பிழையான பழைய கோப்பை
அழிக்காமல் கோவல்சுக் டீச்சருக்குத்
தனியே அனுப்பினேன்.
அதற்குக் கூலி கேட்கவில்லை.